ஆளில்லாத வீட்டில் ஒரு வருசம்

பரீட்சையில் தவறியவர்கள்தான் முதலில் ஊரை விட்டுப் போனார்கள். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஒருவன் கட்டாருக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்க ஓடினான். இன்னொருவன் கொழும்பில் ஹோட்டல் வேலை பழகப் போனான். எட்டாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் மட்டக்களப்பில் மாமாவின் கடையில் போய் நின்றான். எங்கள் செட்டில் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்தது எனக்கு மட்டும்தான். கிடைத்தது என்றால், பெயர் வந்தது, அவ்வளவுதான். எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. முந்திய வருசத்துப் பிள்ளைகளே இன்னும் வீட்டில்தான் நிற்கிறார்கள் என்று கதை. பாஸ் பண்ணினவன் ஊரில், தம்பலகாமத்தில் நிற்க, பெயில் விட்டவர்கள் உலகம் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த நாட்களில் போனில் வீடியோக்கள் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வேறு நாடுகளில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் கம்பஸுக்குப் போக முதல் ஒரு வருசத்தை வேண்டுமென்றே சும்மா விடுகிறார்களாம். முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு நாடு நாடாகத் திரிகிறார்கள். அதற்கு அவர்களிடம் ஒரு அழகான பெயரும் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கிருந்த பெயர், “அவன் சும்மா நிக்கிறான்.”

சும்மா நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். அப்பா வயலுக்கு வரச் சொன்னார். வயலில் ஏற்கெனவே அண்ணன் நின்றார். உழவு மிசினை அண்ணன் ஓட்ட, நான் வரம்பில் நின்று பார்த்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. கட்டாருக்குப் போனவன் என்னையும் வரச் சொன்னான். இரண்டு வருச ஒப்பந்தம். நடுவில் கம்பஸ் தொடங்கினால் என் இடம் போய்விடும். உப்புவெளியில் வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் காட்டக் கூட்டிக்கொண்டு போகும் படகுக்காரரிடம் ஒருநாள் போய் வேலை கேட்டேன்.

“நீந்துவியோ?” என்றார்.

“ஓம், குளத்தில நீந்துவன்.”

அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இங்கிலிஸ்?” என்றார். அதற்கு நான் சொன்ன பதிலையும் கேட்டுவிட்டு, ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்து அனுப்பிவிட்டார். நல்ல மனுசன்.

கடைசியில் கிடைத்தது, திருகோணமலை டவுனில் அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் இலவசமாக ஒரு வயரிங் கோர்ஸ். படிக்கப்போவது வர்த்தகம், அதற்கும் வயரிங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இலவசம் என்பதால் சேர்ந்தேன். ஆனால் போய்வருவது கரைச்சல். பின்னேரம் பஸ்ஸால் இறங்கிச் சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதையில் யானை நிற்கத் தொடங்கிவிடும். அம்மா ஒவ்வொரு நாளும் அண்ணனை மோட்டார் சைக்கிளில் அனுப்பினாள். அண்ணன் ஒவ்வொரு நாளும் என்னை ஏசிக்கொண்டே ஏற்றி வந்தார். டவுனில் அறை எடுத்து இருக்க எங்களிடம் வசதி இல்லை.

அப்போதுதான் டவுனில் இருக்கிற சின்னம்மா ஒரு கதை கொண்டுவந்தா. உள்துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கையில் ஒரு மாடிவீடு. ஆட்கள் எல்லாரும் கனடாவில். வீடு பூட்டிக் கிடக்கிறது. கறையான் ஏறுகிறது, ஒருமுறை யாரோ மதில் பாய்ந்து குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நம்பிக்கையான ஒரு பெடியன் வந்து இருந்தால் போதும் என்று கேட்கிறார்கள். வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. யன்னலைத் திறந்து மூடவேண்டும், வளவைக் கூட்டவேண்டும், பின்னேரம் லைற் போடவேண்டும். சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது.

“ஆள் இருக்கிற வீடெண்டு வெளியில தெரியவேணும். அவ்வளவுதான் வேலை,” என்றா சின்னம்மா.

அவவின் வீட்டில் என்னை வைத்திருக்க அவவுக்கும் ஆசைதான். இரண்டு அறையில் மூன்று பெண்பிள்ளைகள். நானும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

ஒரு பாயும் ஒரு சூட்கேசும் கொண்டு போனேன். கீழே ஹோலில் கதிரைகளுக்கெல்லாம் பழைய பெட்சீற் போட்டு மூடியிருந்தது. மேலே இரண்டு அறைகள் பூட்டு. எனக்குக் கீழே ஒரு அறையும் குசினியும் விட்டிருந்தார்கள். மேல்மாடி விறாந்தைக்குப் போனால் துறைமுகம் தெரியும். மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கும். சீனன்குடாப் பக்கமிருந்து, பிளேன் ஓட்டப் பழகுகிற பெடியன்களின் சின்னப் பிளேன் காலையில் சுற்றிச் சுற்றி வரும். முதல் நாள் இதையெல்லாம் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். இப்படி ஒரு வீட்டில் தனிராசாவாக இருக்க எவனுக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோசம் அந்தக் கிழமை முடிய முதலே முடிந்துவிட்டது.

அதற்கு முதல் நான் ஒருநாளும் ஆளில்லாத வீட்டில் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் எந்த நேரமும் யாரோ இருமுவார்கள், அண்ணனின் பிள்ளைகள் கத்துவார்கள், யாரோ பாத்திரத்தைப் போடுவார்கள், ரேடியோ தன்பாட்டில் கதைக்கும். இங்கே நான் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. காலையில் போகும்போது கதிரையில் போட்ட துவாய், மத்தியானம் வரும்போது அதே மடிப்போடு கிடந்தது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான் அந்தத் துவாயை எடுத்து, ஒரு தேவையும் இல்லாமல், உதறி வேறு கதிரையில் போட்டேன்.

கோர்ஸ் மத்தியானத்தோடு முடிந்துவிடும். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் கிண்ணியா, மூதூர்ப் பெடியன்கள். மணியடித்த உடனே பஸ் பிடிக்க ஓடுவார்கள். நல்லவர்கள், பகிடி விடுவார்கள், ஒரே பிளையரைக் கைமாற்றிக்கொள்வோம். ஆனால் அவர்களுக்குப் போக வீடு இருந்தது. நான் பஸ் ஸ்டாண்ட் மட்டும் அவர்களோடு நடந்து, பஸ் வெளிக்கிட்ட பிறகு திரும்பி வருவேன். அங்கே எனக்கு ஒரு அலுவலும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாது.

ஒழுங்கை முனையில் கிண்ணியாக்காரர் ஒருவரின் கடை. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நான் “நானா” என்று கூப்பிடுவேன். வாங்க வேண்டிய சாமானை ஒரே தடவையில் வாங்காமல், முதலில் தேங்காய், பிறகு போய்த் தீப்பெட்டி, பிறகு உப்பு என்று வாங்கத் தொடங்கினேன். மூன்றாம் தடவை அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“தம்பி தனியவா இருக்கிறீங்க, அந்த வீட்டில?”

“ஓம் நானா.”

“ம்,” என்றார். “வெங்காயம் இருக்குதா வீட்டில?”

“இருக்கு.”

“அப்ப நாளைக்கு வெங்காயத்துக்கு வாங்க.”

வீட்டுக்கார அண்ணை கனடாவிலிருந்து முதன்முதலில் போன் எடுத்தது நான் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. வீடியோவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் கம்பளித் தொப்பி, பின்னால் வெள்ளைச் சுவர். வீட்டைக் காட்டச் சொன்னார். நான் போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். “கொஞ்சம் மெதுவா, தம்பி,” “அந்த மூலையை ஒருக்காக் காட்டும்,” “கிணத்தடிக்குப் போம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு அங்கே காலை. இரவு வேலை முடிந்து வந்து இருக்கிறார். எனக்குப் பின்னேரம். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு எடுத்தார். அதற்கடுத்த நாளும்.

காட்டுவதற்கு வீட்டில் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு ஒருநாள் சொன்னார், “தம்பி, போனை அந்த மேசையில வைச்சிட்டு உம்மட அலுவலைப் பாரும். லைனை வெட்ட வேண்டாம்.”

“வீடியோவோ அண்ணை?”

“வேண்டாம். சத்தம் மட்டும் போதும்.”

எனக்கு அது பெரிய வில்லங்கமாகப் பட்டது. யாரோ ஒருவர் காதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனதுபோல. மெதுவாக நடந்தேன், தும்மல் வந்தபோது அடக்கினேன். அவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் போல இருந்துவிட்டு, “சரி தம்பி, நான் படுக்கப் போறன்,” என்று வெட்டினார்.

அப்படியே அது பழக்கமாகிவிட்டது. பின்னேரம் போன் அடிக்கும், எடுத்து மேசையில் வைப்பேன். நான் வெங்காயம் வெட்டுவேன், அரிசி கழுவுவேன், கோர்ஸில் தந்த படங்களைக் கொப்பியில் கீறுவேன். வெளியே ஓட்டோ போகும், டவுனுக்குள் திரிகிற மான்கள் ஒழுங்கையால் போகும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும், கோயில் மணி கேட்கும், காகம் கத்தும், ஏதாவது கப்பல் ஊதும். எப்போதாவது அவர் கேட்பார்.

“அது என்ன சத்தம்?”

“மான் அண்ணை. மதிலுக்கு மேலால எட்டிக் குரோட்டன் இலை தின்னுது.”

“கலைக்க வேண்டாம். திண்டிட்டுப் போகட்டும்.”

அல்லது, “மழையோ?”

“இல்லை அண்ணை. பருப்புத் தாளிக்கிறன்.”

அப்போது அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை, நானும் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். வேண்டுமென்றே சமையலைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைத்தேன், வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று. சாப்பிடும்போது போனுக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சில நாட்களில் அந்தப் பக்கம் குறட்டை கேட்கும். நான் வெட்டமாட்டேன். ஒரு மனுசன் நித்திரை கொள்கிற வீடு வேறுமாதிரி இருக்கும், அவர் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் நித்திரை கொண்டாலும்.

அவருக்கு என் பக்கத்துச் சத்தம் கேட்டதுபோல எனக்கும் அவர் பக்கத்துச் சத்தம் கேட்டது. இதை அவர் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அலுமாரிக் கதவு, குழாய்த் தண்ணீர், பிள்ளைகள் இங்கிலிசில் ஏதோ சண்டை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவது. பிறகு ஒரு பெண்குரல், “நான் போட்டு வாறன்” என்று விடைபெறும். பிறகு கதவு சாத்துகிற சத்தம். ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு அதே குரல். அவர் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. மேசையில் கிடக்கிற போனுக்கு முன்னால் நான் ஒருவன் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் என் வாய்க்குள் “ஓம்” என்று வந்துவிடும்.

அந்தக் குரல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் எடுத்தது. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, நான் கனடா அக்கா. கதைக்க ஏலுமோ?”

“ஓம் அக்கா, சொல்லுங்கோ.”

சாப்பிட்டீரா, கோர்ஸ் எப்படிப் போகிறது, அம்மா அப்பா சுகமோ என்றெல்லாம் முதலில் கேட்டா. அவவுக்குச் சொல்லவந்ததைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது என்று விளங்கியது.

“தம்பி, உம்மில பிழை இல்லை. நான் அப்பிடிச் சொல்லேல்லை. அவர் இரவு வேலையால வந்து படுக்க வேணும். படுக்கிறேல்லை. போனைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். நான் வேலைக்குப் போகேக்குள்ள அவரை ஒருக்காப் பார்க்கலாம், அந்த அரை மணித்தியாலம்தான். நான் பின்னேரம் வர அவர் படுத்திருப்பார், பிறகு எழும்பி வேலைக்குப் போயிடுவார். அந்த அரை மணித்தியாலத்திலயும் அவர் இஞ்ச இல்லை. அங்க, உங்கட குசினியில நிக்கிறார்.”

தோய்த்த உடுப்பை வாளிக்குள் விட்டேன். கையில் சவர்க்கார நுரை காய்ந்துகொண்டிருந்தது.

“நான் கேட்டா, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறன், அதில உனக்கென்ன எண்டுறார். பிள்ளையள் இப்ப அவரிட்ட ஒண்டும் கேட்கிறதில்லை. தம்பி, நீர் ஏதாவது சொல்லிச் சாட்டும். போன் பழுது, சிக்னல் இல்லை எண்டு. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போட வேண்டாம்.”

“சரி அக்கா,” என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றைக்குப் பின்னேரம் போன் அடித்தபோது எடுத்தேன். சாட்டுச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாளும் எடுத்தேன். பொய் சொல்லப் பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போன் வராவிட்டால் அந்த நேரத்தை நான் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லலாம் என்றுதான் போனேன். வீடு நிறைய ஆட்கள். அறுவடை முடிந்து அண்ணனின் கூட்டாளிகள் வந்து நின்றார்கள். என் கட்டில் இருந்த இடத்தில் விதைநெல் மூட்டை அடுக்கியிருந்தது. “நீ இனி டவுன்காரன்தானே,” என்று அம்மா சிரித்துக்கொண்டே ஹோலில் பாய் விரித்துத் தந்தாள். மீன் பொரித்து, எனக்கென்று பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். எல்லாரும் கதைத்தார்கள், நெல் விலை, தண்ணீர்ப் பிரச்சினை, யானை வேலியை உடைத்தது. எனக்குத் தெரியாத ஏதோவொன்றைச் சொல்லி எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஞாயிறு மத்தியானமே, படிக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒருவரும் மறிக்கவில்லை. மறித்திருந்தால் நின்றிருப்பேன்.

திங்கள் பின்னேரம் அண்ணை எடுத்தார். நான் போனை மேசையில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் வழக்கம்போல “நான் போட்டு வாறன்.” கதவு சாத்தியது.

“அண்ணை, ஒண்டு சொல்லட்டோ?”

“சொல்லும்.”

“உங்கட பக்கச் சத்தமும் எனக்குக் கேட்குது.”

“என்ன சத்தம்?”

“அக்கா ஒவ்வொரு நாளும் போட்டு வாறன் எண்டு சொல்லுறவ. நீங்கள் ஒருநாளும் ஓம் எண்டு சொன்னது எனக்குக் கேட்கேல்லை.”

வெளியே ஒரு ஓட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது. நான் அளவு தாண்டிப் போய்விட்டேன், இனி இந்த வீட்டில் இருக்க விடமாட்டார், சின்னம்மாவுக்கு என்ன சொல்வது என்றெல்லாம் யோசித்தேன்.

“அவ உமக்குப் போன் எடுத்துக் கதைச்சவவோ?” என்றார்.

“அண்ணை, நான் கேட்டதைத்தான் சொன்னனான்.”

“நீர் எத்தினை நாளா இதைக் கேட்கிறீர்?”

“தொடக்கத்தில இருந்து.”

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “சரி,” என்றார். “லைற்றைப் போடும், இருட்டாகும் அங்க.” போனை வெட்டிவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அவர் எடுக்கவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. பின்னேரமானால் நான் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பேன். பிறகு வெட்டாமல் கடையில் பாண் வாங்கிச் சாப்பிடுவேன். நானே எடுத்துக் கதைக்கலாம்தான். என்ன சொல்லி எடுப்பது? உங்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா கேட்டுக்கொண்டிருங்கள் என்றா?

மூன்றாவது கிழமை, ஞாயிறு, போன் வந்தது. வீடியோ. அண்ணையும் அக்காவும் ஒரே சோபாவில் இருந்தார்கள். பின்னால் மகன் கையாட்டினான். “தம்பி எப்பிடி? கறன்ட் பில் வந்ததோ? மோட்டர் வேலை செய்யுதோ? பின்பக்கச் சுவரில வெடிப்புப் பெருசாகுதோ?” எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அக்கா நன்றாகச் சிரித்துக் கதைத்தா. அண்ணை ஷேவ் எடுத்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். பத்து நிமிசம். சுகம் விசாரிப்பு, வீட்டு அலுவல், “சரி தம்பி வைக்கிறம்.” ஒருமுறையாவது போனை மேசையில் வைக்கச் சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது. அது ஒரு உதவியும் செய்யவில்லை.

பிறகு மழை தொடங்கியது. கோர்ஸ் முடிந்து கையில் ஒரு சேர்ட்டிபிக்கட் தந்தார்கள்; கிண்ணியாப் பெடியன்கள் எல்லாரும் சேர்ந்து நின்று படம் எடுத்தோம், அதோடு அவர்களும் போய்விட்டார்கள். கம்பஸ் தொடங்கும் என்று ஒரு கிழமை சொல்வார்கள், அடுத்த கிழமை இல்லை என்பார்கள். ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அங்கே போய் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடப்பதற்கு, வாக்குக் கொடுத்த வீட்டிலேயே இருப்போம் என்று இருந்தேன். பகலில் மேல்மாடி விறாந்தையில் இருந்து மழைக்குள் கப்பல்களைப் பார்ப்பேன். கப்பலில் ஆட்கள் இருப்பார்கள்தானே, வேறு நாட்டுப் பெடியன்கள். கரைக்கு வர விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று நானா சொன்னார். அவர்கள் இந்த விறாந்தையைப் பார்ப்பார்களா, லைற் எரிகிறதைப் பார்த்து ஒரு குடும்பம் இருக்கிறது என்று நினைப்பார்களா என்று யோசிப்பேன். சில நாட்கள் பின்னேரம் வரும்வரை ஒரு வார்த்தைகூடக் கதைக்காமல் இருந்திருக்கிறேன். கடைக்குப் போய் வாயைத் திறக்கும்போதுதான் அது தெரியும், குரல் கரகரத்து வரும்.

அந்த மழைக்குள் காய்ச்சல் வந்தது. முதல் நாள் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் நாள் எழும்ப ஏலவில்லை. போன் பக்கத்தில்தான் இருந்தது. அம்மாவுக்கு எடுத்தால் அழுதுகொண்டு பஸ் ஏறி வருவாள், வயலில் விதைப்பு வேலை. சின்னம்மாவுக்கு எடுத்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு வரவேண்டும். கனடாவுக்கு எடுக்கலாமா என்றும் ஒருமுறை நினைத்தேன். எடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பகல் ஏதோவொரு நேரம் கேற்றில் தட்டுகிற சத்தம். “தம்பி! ஓய் தம்பி!” நானாவின் குரல். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் திறந்தேன். குடையோடு நின்றார், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

“முந்தாநாள் தேங்காய்க்கு வந்த ஆள். நேற்றைக்கு உப்புக்கும் வரல்ல, இண்டைக்கு ஒண்டுக்கும் வரல்ல,” என்றார். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏசத் தொடங்கினார். “வாயில்லையா உங்களுக்கு? கையில போன் இல்லையா?” ஏசிக்கொண்டே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்றார்கள். திரும்பி வந்து கொத்தமல்லி அவித்துத் தந்துவிட்டு, கடையைப் பார்க்க ஆளில்லை என்று ஓடினார். அதற்குப் பிறகு நான் குணமாகும்வரை, காலையில் கடை திறக்கும்போது கேற்றடியில் நின்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போவார். “ம்” என்று நான் சொல்லவேண்டும். சொன்னால் போய்விடுவார்.

அவர் என்ன செய்தார் என்பது அந்த நேரம் எனக்கு முழுதாக விளங்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

மழை விட்டுக் கொஞ்ச நாளில் கம்பஸ் கூப்பிட்டது. ஹோலை ஒருமுறை கூட்டி, கதிரைகளின் பெட்சீற்றைத் தோய்த்துக் காயவைத்துத் திரும்பவும் போட்டு மூடினேன். வீட்டைப் பூட்டித் திறப்புக் கோர்வையைச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். ஹொஸ்டலில் ஒரு அறையில் நாலு பேர். என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் இருந்தவன் நித்திரையில் கதைப்பான். மற்றவர்கள் அவனை அடிக்காத குறை. எனக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. ஆனால் ஆட்களோடு இருக்க எனக்குத் திரும்பப் பழகவேண்டி இருந்தது. யாராவது பக்கத்தில் வந்து இருந்தால், கொஞ்ச நேரத்தில் எழும்பி வெளியே போய்விடுவேன். தடிப்புப் பிடித்தவன், ஆட்களை மதியாதவன் என்று முதலில் நினைத்தார்களாம். பிறகு ஒருவன் சொன்னான்.

அடுத்த வருசம் அண்ணையும் அக்காவும் பிள்ளைகளோடு ஊருக்கு வந்தார்கள். சின்னம்மா சொல்லித் தெரிந்து, லீவில் வந்தபோது பார்க்கப் போனேன். கேற்றைத் திறந்தது அவர்தான். நான் நினைத்ததைவிடக் கட்டையான ஆள். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் தோளைப் பிடித்தார். “வாரும் வாரும்,” என்று கூட்டிக்கொண்டு போய், பெட்சீற் இல்லாத கதிரையில் இருத்தினார்.

பிறகு இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவர் கம்பஸைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வெயிலைப் பற்றிச் சொன்னார், ஓம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். போனில் நாங்கள் எவ்வளவு நேரம் சும்மா இருந்திருப்போம். நேருக்கு நேர் அது ஏலவில்லை. அவர் எழும்பி, “வாரும், வீட்டைக் காட்டுறன்,” என்றார்.

நான் ஒரு வருசம் இருந்த வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டினார். நானும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பின்னால் போனேன். பூட்டிக் கிடந்த மேல் அறைகள் இரண்டையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றில் ஒரு தையல் மிசின், மற்றதில் ஒரு கட்டில், வேறொன்றும் இல்லை. “இதிலதான் நான் படிச்சனான்,” என்றார். யன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் அதில் நின்றார். கீழே இருந்து அக்கா கூப்பிட்டா, உடனே “ஓம், வாறம்,” என்று சத்தமாகச் சொன்னார்.

குசினியில் அக்கா சீனி வைத்த போத்தலைத் தேடிக்கொண்டிருந்தா. நான் மேல்தட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தா. ஏதோ சொல்லப்போகிறா என்று நினைத்தேன். “தம்பி மெலிஞ்சு போனீர்,” என்றா. அவ்வளவுதான்.

வீட்டை இனி வாடகைக்குக் கொடுக்கப்போகிறோம், நல்ல குடும்பம் யாராவது தெரிந்தால் சொல்லும் என்றார்கள். பார்க்கிறேன் என்றேன். ஒரு பை நிறையச் சொக்லேட் தந்தார்கள். போகிற வழியில் நானாவின் கடைக்குப் போனேன், அவர் இல்லை, மகன் நின்றான். சொக்லேட்டில் பாதியை அவனிடம் கொடுத்து, வாப்பாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, எங்கள் ஊர் வழியால் போகிற கண்டி பஸ் ஏறினேன். தம்பலகாமம் வரும்வரை நின்றுகொண்டேதான் போனேன்.

“எப்பிடி, நல்ல ஆட்களோ?” என்று அம்மா கேட்டாள்.

“ஓம், நல்ல ஆட்கள்,” என்றேன்.

“பிறகென்ன,” என்றுவிட்டு மிச்சச் சொக்லேட்டை அண்ணனின் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போனாள். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.